கேமராவுக்குப் பின்னாடி நிக்காத போட்டோகிராஃபர்: ரிச்சர்ட் அவெடானோட அமெரிக்க மேற்கு, 1979–84

ரிச்சர்ட் அவெடான் பேரச் சொன்னா போட்டோகிராஃபி தெரிஞ்சவங்களுக்கு மொதல்ல ஞாபகம் வர்றது ஃபேஷன்தான். ஹார்ப்பர்ஸ் பஜார், வோக் பத்திரிகைங்க, அப்புறம் 1955-ல பாரீஸ் சர்க்கஸ்ல யானைங்களுக்கு நடுவுல டியோர் கவுன் போட்டுட்டு டோவிமாங்கற மாடல் நிக்கிற அந்தப் படம். அதே ஆளு 55 வயசுல, ஒரு மரப்பெட்டி கேமராவையும் வெள்ளை பேப்பர் ரோலையும் வண்டில ஏத்திக்கிட்டு டெக்சஸ், ஒக்லஹோமா, கொலராடோ, வயோமிங், நெவாடான்னு சுத்தி, சுரங்கத்துல நிலக்கரி வெட்டுறவங்க, எண்ணெய்க் கிணத்துல வேலை பாக்குறவங்க, கசாப்புக் கூடத்து ஆளுங்க, லாரி டிரைவருங்க, ஜெயில் கைதிங்க, ஹைவே ஓரமா மூட்டையோட திரியிறவங்கன்னு தேடித் தேடி எடுத்தாரு. 1979 மார்ச்ல ஆரம்பிச்சு 1984 வரைக்கும், பெரும்பாலும் கோடைல. 189 ஊரு, 752 சிட்டிங் (ஆள நிக்க வச்சு எடுக்கற ஒரு அமர்வு), கிட்டத்தட்ட 17,000 ஷீட் ஃபிலிம். 1985-ல டெக்சஸ் ஃபோர்ட் வொர்த்ல இருக்கற அமோன் கார்ட்டர் மியூசியத்துல கண்காட்சியா வந்துச்சு, கூடவே புத்தகமாவும் வந்துச்சு, பேரு 'இன் தி அமெரிக்கன் வெஸ்ட்'.

இந்தத் தொடர் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ரெண்டே ரெண்டு டயலாக்தான் காதுல விழும். ஒண்ணு, "8×10 இன்ச் நெகட்டிவ்டா, அந்த ஷார்ப்னஸ் பாரு". இன்னொண்ணு, "பணக்கார போட்டோகிராஃபர் ஏழைங்க மூஞ்சிய வச்சு ஆர்ட் பண்ணிட்டான்". ரெண்டுலயும் கொஞ்சம் விஷயம் இருக்கு, ஆனா அந்தப் பெரிய கேமரா அங்க உண்மைல என்ன வேலை செஞ்சுதுன்னு ரெண்டு கோஷ்டியும் பேசறதில்ல. என் கணக்குல ஷார்ப்னஸ் ரெண்டாவது விஷயம். அந்த கேமரா செஞ்ச மொத வேலை, போட்டோகிராஃபர கேமராவுக்குப் பின்னாடி இருந்து வெளிய இழுத்துட்டு வந்து ஆளுக்கு எதிர்ல நிக்க வச்சது. படத்தோட பலம், அத சுத்தி நடந்த சண்டை, ரெண்டும் அங்க இருந்துதான் வருது.

வேலை எப்டி வந்துச்சு

1978-ல அவெடான் மொண்டானா பக்கம் ஒரு பண்ணைல போய் இருந்தாரு, அங்க பண்ணை மேஸ்திரி ஒருத்தர எடுத்தாரு. அந்தப் படம் பத்திரிகைல வந்தப்ப அமோன் கார்ட்டர் மியூசியம் டைரக்டர் மிட்செல் வைல்டர் பாத்திருக்காரு, பாத்துட்டு "இதே மாதிரி மேற்கு முழுக்க எடுத்துக் குடுங்க"ன்னு கேட்டுட்டாரு. கேட்ட இடம்தான் இதுல வேடிக்கை. அமோன் கார்ட்டர்ங்கறவரு ஃபோர்ட் வொர்த் பத்திரிகை முதலாளி, ஃபிரடெரிக் ரெமிங்டன், சார்லஸ் ரஸ்ஸல் ரெண்டு பேரோட ஓவியங்களையும் சிற்பங்களையும் சேத்து வச்சவரு. குதிரை, கௌபாய், துப்பாக்கி, புழுதின்னு நாம 'வெஸ்டர்ன்' படத்துல பாக்குற மொத்த சமாச்சாரமும் அந்த ரெண்டு பேரு கைல இருந்துதான் பாதி வந்துச்சு. அந்த சேகரிப்ப வச்சு 1961-ல தொறந்த மியூசியம், நியூயார்க்ல இருந்து ஒரு ஃபேஷன் போட்டோகிராஃபர கூட்டிட்டு வந்து நம்ம மேற்க எடுத்துக் குடுங்கன்னு சொன்னா உள்ளூர்க்காரன் சும்மா இருப்பானா? வைல்டர் அந்த சண்டைய பாக்க இல்ல, வேலை ஆரம்பிச்ச வருஷமே இறந்துட்டாரு.

அவெடான் இந்த மாதிரி படத்துக்கு புதுசும் இல்ல. இரண்டாம் உலகப்போர் சமயம் மெர்ச்சன்ட் மரீன்ல (வணிகக் கப்பல் பிரிவு) சேந்து, ரோலிஃபிளெக்ஸ் கேமரால மாலுமிங்களுக்கு அடையாள அட்டை போட்டோ எடுத்துத் தள்ளினதுதான் அவரோட மொத வேலையே. வெறும் பேக்ரவுண்டு, நேரா பாக்குற மூஞ்சி, அடுத்த ஆள் வா. நம்ம பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கணக்குதான். 1969 வாக்குல டியர்டார்ஃப் 8×10 கேமராவ கைல எடுத்தாரு, ஓவியர் ஆண்டி வார்ஹோல் கூட்டத்த எடுத்தாரு, வியட்நாம் போர எதிர்த்து கேஸ் வாங்கினவங்கள எடுத்தாரு, கேன்சர்ல செத்துட்டு இருந்த தன் அப்பாவயே எடுத்தாரு. அப்பா படங்க 1974-ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல தொங்குச்சு. 1976-ல ரோலிங் ஸ்டோன் பத்திரிகைக்காக அமெரிக்க அதிகார வர்க்கத்து ஆளுங்க 69 பேர இதே வெள்ளை பேக்ரவுண்டுல எடுத்தாரு. ஸோ மேற்குக்குப் போறதுக்கு முன்னாடியே மெத்தட் ரெடி. அங்க புதுசா சேந்தது ஊரும் ஆளும்தான்.

பெட்டி, பேப்பர், நிழல்

டியர்டார்ஃப்ங்கறது சிகாகோல செஞ்ச மஹாகனி மரக் கேமரா. மடிச்சா ஒரு சூட்கேஸ் மாதிரி ஆயிடும், லென்ஸ் இல்லாமலே சுமார் ஆறு கிலோ. முன்னாடி லென்ஸ் போர்டு, நடுவுல துருத்தி, பின்னாடி 8-க்கு 10 இன்ச் அரைக் கண்ணாடி. அந்தக் கண்ணாடில உருவம் தலைகீழாவும் இடம் வலம் மாறியும் தெரியும். நம்மூர் பழைய ஸ்டுடியோல கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டு "அசையாதீங்க"ன்னு சொன்ன ஸ்டாண்டு கேமராவோட அதே குடும்பம்தான், ஷட்டரும் ஃபிலிமும் மட்டும் வேகம் கூடிடுச்சு.

இப்ப கவனிக்க வேண்டிய எடம். கண்ணாடில ஃபோகஸ் பாத்தாச்சு, அப்புறம் ஃபிலிம் ஹோல்டர உள்ள சொருகணும். சொருகின அடுத்த நிமிஷம் கண்ணாடி மறைஞ்சிடும், கேமரா வழியா ஒண்ணும் தெரியாது. டார்க் ஸ்லைட (ஹோல்டர்ல ஃபிலிம வெளிச்சம் படாம மூடியிருக்கற தகடு) உருவினதுல இருந்து ஷட்டர் அடிக்கிற வரைக்கும் போட்டோகிராஃபர் குருடன்தான், அவர் பின்னாடி நின்னாலும் ஒண்ணுதான் பக்கத்து ஊருல நின்னாலும் ஒண்ணுதான். பெரும்பாலான ஆளுங்க இத ஒரு தொல்லையா நெனைப்பாங்க. அவெடான் அத அப்டியே மாத்திப் போட்டாரு. கேமராவுக்கு பக்கத்துல, லென்ஸுக்கு சில இன்ச் இடதுபக்கம் வந்து, ஆள்கிட்ட இருந்து நாலடி தூரத்துல நின்னுக்கிட்டாரு. கைய நீட்டினா தொட்டுடலாம். புத்தகத்து முன்னுரைல அவரே இத எழுதியிருக்காரு, படம் எடுக்கறப்ப லென்ஸ் வழியா பாக்கறதில்ல, ஃபிலிம்ல என்ன விழுதுன்னு கற்பனைதான் பண்ணிக்கணும், பிரிண்ட் வந்தாத்தான் தெரியும்னு.

நிக்கிற ஆளோட பக்கத்துல இருந்து யோசிங்க. சுரங்கத்துல ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வர்றீங்க, மூஞ்சி முழுக்க கரி. எவனோ கூப்புட்டு வெள்ளை பேப்பர் முன்னாடி நிக்க வைக்கிறான். சின்ன கேமரான்னா எதிர்ல ஒரு கறுப்பு பெட்டி, அதுக்குப் பின்னாடி பாதி மூஞ்சி, அவ்ளோதான், நாமளும் கேமராவுக்குன்னு ஒரு மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்போம். இங்க எதிர்ல ஒரு மனுஷனோட முழு மூஞ்சி, கண்ணாடி போட்டுட்டு, உங்கள விடாம பாத்துட்டு நிக்குது. அவன் பேசறான், இல்ல பேசாம இருக்கான், நகருறான், நீங்களும் நகருறீங்க. பக்கத்துல இருக்கற மரப்பெட்டி கொஞ்ச நேரத்துல மறந்தே போயிடும். இந்தத் தொடர்ல பாதிக்குப் பாதி மூஞ்சிங்க 'போஸ்' குடுக்காம ஒரு மாதிரி உறைஞ்சு நிக்கறதுக்கு இதுதான் காரணம்னு நான் நெனைக்கிறேன், முறைச்சுப் பாக்குற ஒரு அந்நியன பதிலுக்கு முறைச்சுப் பாக்குற மூஞ்சி அது.

இன்னொரு காரணம் சுத்தமா பௌதிகம். பேக்ரவுண்டு 9 அடி அகல வெள்ளை பேப்பர், சுவத்துலயோ கட்டடத்துலயோ டிரெய்லர் வண்டி பக்கவாட்டுலயோ ஒட்டுவாங்க, அதுவும் நிழல்ல மட்டும். வெயில் பட்டா மூக்கு நிழல், தொப்பி நிழல், பளபளப்புன்னு வெளிச்சமே கதை சொல்ல ஆரம்பிச்சிடும், எங்க பாக்கணும்னு அதுவே சொல்லிக் குடுத்துடும், அவருக்கு அது வேணாம். வெளிச்சம் எங்க இருந்து வருதுன்னே தெரியக் கூடாது. சரி, நிழல்ல எடுத்தா எக்ஸ்போஷர் என்ன வரும்? ஐஎஸ்ஓ 320 வேக ஃபிலிம், திறந்தவெளி நிழல், லென்ஸ் துவாரத்த சின்னதா எஃப் 16-ல வச்சா ஏறக்குறைய 50-ல ஒரு பங்கு செகண்ட் வரும். ஆனா நாலடி கிட்டத்துல ஃபோகஸ் பண்ண துருத்திய நீட்டணும், நீட்டினா வெளிச்சம் அரை ஸ்டாப்புக்கு மேல (ஒரு ஸ்டாப்னா பாதி வெளிச்சம்) கொறையும், அப்ப 30-ல ஒரு பங்கு. இது அவரோட நோட்டுல இருந்து எடுத்ததில்ல, நானா போட்ட கணக்கு. இடுப்பு வரைக்கும் எடுக்கறப்ப ஃபோகஸ் ஆழம் ஒரு சாண் கூட தேறாது. ஆள் முன்ன பின்ன லேசா ஆடினாலே கண்ணு அவுட் ஆயிடும். ஸோ அசையாம நிக்கணும், சிரிச்சு உடம்பு குலுங்கினா போச்சு. "ஏன் ஒருத்தர்கூட சிரிக்கல, ஏன் எல்லாரையும் சோகமா காட்டுறான்"னு கேக்கறவங்க இந்த மெஷின் கணக்கையும் கொஞ்சம் சேத்துக்கணும். முழுக் காரணம் இதுதான்னு சொல்ல வரல, சிரிச்சுட்டு அசையாம நிக்கறவங்களும் உண்டு, அதுக்கு பின்னாடி வரேன்.

கூட போனவங்க

752 சிட்டிங்குக்கு 17,000 ஷீட்னா ஒரு சிட்டிங்குக்கு சராசரி 22, 23 ஷீட். ஒரு ஹோல்டர்ல ரெண்டு பக்கமும் சேத்து ரெண்டே ஷீட்தான். அப்டீன்னா ஒவ்வொரு ஆளுக்கும் பன்னெண்டு ஹோல்டராவது மாத்தியாகணும், அத்தனையும் இருட்டுல லோடு பண்ணினது, தூசி விழாம, பக்கம் மாறாம. சொருகு, ஸ்லைட உருவு, அடி, ஸ்லைட திரும்ப போடு, உருவி திருப்பு, மறுபடி சொருகு. இத அவெடானே செஞ்சிருந்தா அந்த முறைச்சுப் பாக்கற சமாச்சாரமே நடந்திருக்காது, ஒவ்வொரு படத்துக்கும் கண்ண எடுத்திருக்கணும். அதனால அசிஸ்டென்ட்டுங்க. ஹோல்டர் மாத்தறது, ஃபோகஸ் சரி பண்றது, பேப்பர் காத்துல படபடக்காம புடிக்கிறது எல்லாம் அவங்க வேலை. ரூடி ஹாஃப்மேன், டேவிட் லிட்ஷ்வாகர் எல்லாம் இந்த டீம்ல வேலை பாத்தவங்க. டேவிட் பின்னாடி சின்னச் சின்ன உயிரினங்கள வெள்ளை பேக்ரவுண்டுல எடுத்து பேர் வாங்கினாரு, எங்க கத்துக்கிட்டாருன்னு தனியா சொல்லத் தேவையில்ல.

ஆனா இந்த மொத்த கேஸ்ல ரொம்ப முக்கியமான ஆள் யாருன்னு கேட்டா நான் லாரா வில்சன்னு சொல்வேன். டல்லாஸ்காரங்க, நடிகர் ஓவன் வில்சன், லூக் வில்சனோட அம்மா. ஊர் கண்காட்சி, ரோடியோ, டிரக் ஸ்டாப், சுரங்க வாசல்னு கூட்டத்துல போய் மூஞ்சி தேடறது, போய் பேசறது, சம்மதிக்க வைக்கிறது, பேர் ஊர் எழுதிக்கறது எல்லாம் அவங்க. நியூயார்க் ஆக்சென்ட்ல ஒரு ஆள் வந்து "உங்கள போட்டோ எடுக்கணும்"னு சொன்னா எண்ணெய்க் கிணத்துல வேலை பாக்குறவன் என்ன சொல்வான்னு நமக்கே தெரியும். ஒரு டெக்சஸ் பொம்பளை வந்து பொறுமையா கேட்டா கதை வேற. அவங்க ஆறு வருஷமும் கூடவே இருந்து அவெடான் வேலை பாக்கறத படமும் எடுத்து வச்சாங்க, 2003-ல அது புத்தகமா வந்துச்சு, மேல சொன்ன செட்டப் எல்லாம் கண்ணால பாக்கணும்னா அதுலதான் பாக்கணும். புழுதி ரோடு, ஒரு தகர சுவர், அதுல ஒட்டின பேப்பர், பக்கத்துல வேடிக்கை பாக்குற நாலு பசங்க. பேப்பருக்கு வெளிய மேற்கு முழுசா இருக்கு, மலை, வானம், வேலி, எல்லாம். ஃப்ரேமுக்குள்ள ஒண்ணும் இல்ல.

இதுல ஒரு வரலாறும் இருக்கு. அமெரிக்க மேற்குன்னாலே பெரிய கேமராதான். கார்லடன் வாட்கின்ஸ் 1861-ல 18-க்கு 22 இன்ச் கண்ணாடித் தகட்ட கோவேறு கழுதை மேல ஏத்திட்டுப் போய் யோசெமிட்டி பள்ளத்தாக்க எடுத்தாரு, டிமோதி ஓ'சல்லிவன் சர்வே குழு கூட போய் பாலைவனத்த எடுத்தாரு, அப்புறம் ஆன்சல் ஆடம்ஸ் 8×10-ல மலையும் நிலாவும் எடுத்தாரு. நூறு வருஷத்துக்கு மேல அந்தப் பெட்டி மலையப் பாத்துக்கிட்டே இருந்துச்சு, மனுஷன் இருந்தா ஸ்கேல் காட்ட ஓரமா சின்னதா நிப்பான். அவெடான் அதே சைஸ் பெட்டிய எடுத்துட்டுப் போய் அதே ஊர்ல மலைய வெள்ளை பேப்பரால மறைச்சிட்டாரு. ரெமிங்டன் ஓவியத்த மாட்டி வச்சிருக்கற மியூசியத்து காசுல. இத நான் குசும்புன்னுதான் சொல்வேன், நல்ல குசும்பு.

மொத வருஷமே அவருக்கு சரியான படம் கெடச்சிடுச்சு. 1979 மார்ச், டெக்சஸ் ஸ்வீட்வாட்டர்ல வருஷா வருஷம் நடக்கற விரியன் பாம்பு புடிக்கிற திருவிழா. அங்க பாம்பு தோலுரிக்கிற 13 வயசுப் பையன். சுருட்டை முடி, பொம்மை மாதிரி மூஞ்சி, ரத்தக் கறை படிஞ்ச ஏப்ரன், கைல வயிறு கிழிச்ச பாம்பு, குடல் தொங்குது. பையன் மூஞ்சில பயமும் இல்ல பெருமையும் இல்ல, தினமும் செய்யற வேலைய செஞ்சுட்டு இருந்தவன கூப்பிட்டு நிக்க வச்ச மாதிரி நிக்கிறான். பேக்ரவுண்டுல திருவிழாக் கூட்டம் இருந்திருந்தா இது ஒரு பத்திரிகை போட்டோ, ஒரு நாள்ல மறந்திருப்போம்.

தேனீக்காரர்

தொடர்லயே எல்லாருக்கும் தெரிஞ்ச படம் இதுதான். கேப்ஷன்: ரொனால்ட் ஃபிஷர், தேனீ வளர்ப்பவர், டேவிஸ், கலிஃபோர்னியா, 1981 மே 9. தலைல உடம்புல ஒரு முடி கூட இல்லாத வெளுத்த மனுஷன், சட்டை இல்ல, மேல முழுக்க தேனீ ஊருது, தலைல, காதுல, நெஞ்சுல, அவரு ஞானி மாதிரி அமைதியா பாத்துட்டு நிக்கிறாரு.

இது ரோட்டுல பாத்த ஆளே இல்ல. மனசுல படம் மொதல்ல, ஆள் அப்புறம். அவெடான் முன்னாடியே ஸ்கெட்ச் போட்டு வச்சிருந்தாரு, தேனீ வளர்ப்பு பத்திரிகைல விளம்பரம் குடுத்து ஆள் தேடினாங்க, வந்தவரு சிகாகோ பக்கத்துக்காரரு, அதாவது மேற்கே கிடையாது. டேவிஸ்ல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் பேராசிரியர் நார்மன் கேரி வந்து, ராணித் தேனீயோட வாசனைப் பொருள ஃபிஷர் உடம்புல அங்கங்க தடவி விட்டாரு, வேலைக்காரத் தேனீங்க ராணி இருக்குன்னு நெனச்சு அங்க அங்க வந்து ஒட்டிக்கிச்சு. எங்க தடவுனாங்களோ அங்க கூட்டம், தடவாத எடம் காலி. படத்த மறுபடி பாருங்க, மூஞ்சி முன்பக்கம் ஏறக்குறைய காலியா இருக்கும், நெஞ்சுலயும் தோள்லயும் கொத்து கொத்தா இருக்கும். சராசரி 23 ஷீட் எடுக்கற ஆளு இதுக்கு மட்டும் நூறுக்கு மேல எடுத்தாரு.

படமா பாத்தா அசத்தல், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா கேஸா பாத்தா இதுதான் தொடரோட பலவீனமான ஜாயின்ட். மத்த எடத்துல எல்லாம் "நான் போனேன், ஆள் இருந்தாங்க, முறைச்சுப் பாத்துக்கிட்டோம்"ங்கற ஒரு நியாயம் இருக்கு. இங்க அது இல்ல, ஸ்டுடியோ ஃபேஷன் ஷூட்டுக்கு மாடல் புக் பண்ற அதே வேலைதான். அவெடான் இத மறைக்கவும் இல்ல, முன்னுரைல அவரு தெளிவா சொன்னதுதான், ஒரு உணர்ச்சியோ தகவலோ போட்டோவா மாறின உடனே அது தகவல் இல்ல, அபிப்ராயம்னு. சரிதான், ஆனா சுரங்கத் தொழிலாளிங்களுக்கு நடுவுல இதையும் அதே சைஸ்ல அதே ஸ்டைல் கேப்ஷனோட மாட்டி வச்சா பாக்குறவன் எப்டிப் பிரிச்சு பாப்பான்? நான் எடிட்டரா இருந்திருந்தா இத தனி சுவத்துல மாட்டியிருப்பேன்.

பிரிண்ட் சைஸ்தான் பாதி வாதம்

இந்தப் படங்கள ஃபோன்ல பாத்துட்டு பேசறது கஷ்டம். கண்காட்சி பிரிண்ட் நிறைய 56-க்கு 45 இன்ச், அலுமினியத் தகட்டுல ஒட்டினது, தலை நம்ம தலைய விடப் பெருசு. 8×10 நெகட்டிவ்ல இருந்து இந்த சைஸுக்கு வர ஆறு மடங்கு கூட பெருசாக்க வேண்டாம். 35 எம்எம் ஃபிலிம்னா 40 மடங்கு. 8×10-ங்கறது பரப்பளவுல 35 எம்எம் மாதிரி 60 மடங்கு. இங்கதான் அந்த "ஷார்ப்னஸ்" கோஷ்டி சொல்றது செல்லுபடியாகுது, கிட்டப் போனா படம் உடையறதில்ல, கூடிக்கிட்டே போகுது. கண்ணு ஓரத்து கரி, நகத்துக்குள்ள கிரீஸ், சட்டைக் காலர்ல நூல் பிரிஞ்சது, தோல்ல வெயில் விட்ட கோடு. பிரிண்ட சுத்தி ஃபிலிமோட கறுப்பு ஓரத்தையும் விட்டு வச்சிருப்பாங்க, நான் வெட்டல, ஒட்டல, எடுத்தது முழுசா இதுதான்னு காட்டறதுக்கு. ஆனா வெட்டலையே தவிர டார்க்ரூம்ல சும்மா விடல. எந்த எடத்த வெளிரவிடணும் எந்த எடத்த கறுக்கவிடணும்னு டெஸ்ட் பிரிண்ட் மேலயே குறிப்பு எழுதி எழுதி மாத்தி மாத்தி போட்டிருக்காங்க. கறுப்பு ஓரம் நேர்மைக்கு சாட்சின்னு நெனைக்கறவங்க அந்தக் குறிப்புகளையும் பாக்கணும்.

எனக்கு ரொம்ப புடிச்சது தேனீக்காரர் இல்ல, குரூப் படங்கதான். வயோமிங் ரிலையன்ஸ்ல 1979 ஆகஸ்ட்ல எடுத்த நாலு நிலக்கரி சுரங்கத் தொழிலாளிங்க. தனித்தனி ஷீட்ல எடுத்து பக்கத்துல பக்கத்துல மாட்டினது, ஒரு பேனல் முடியற எடத்துல ஒருத்தர் உடம்பு வெட்டுப்பட்டு அடுத்த பேனல்ல தொடரும், ஆனா கரெக்டா சேராது. ஒரே நேரத்துல நின்ன மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். ஜாயின்ட்ட மறைக்க அவரு முயற்சியே பண்ணல. "இது செஞ்சது"ங்கறத படமே வெளிப்படையா சொல்லுது, தேனீக்காரர்ல அந்த வெளிப்படை இல்ல.

சண்டை

1985-ல கண்காட்சி தொறந்தப்ப மேற்குக்காரங்க நிறைய பேருக்கு கோவம். எங்க ஊர்ல டாக்டர் இல்லையா, வாத்தியார் இல்லையா, சந்தோஷமா இருக்கறவனே இல்லையா, ரோட்டுல திரியறவனையும் கசாப்புக் கடைக்காரனையும் மட்டும் பொறுக்கி எடுத்துட்டு அதுக்கு 'அமெரிக்க மேற்கு'ன்னு பேர் வேறயா? கலை விமர்சகர்கள் வேற பக்கத்துல இருந்து அடிச்சாங்க, வெள்ளை பேப்பர் ஊரையும் வேலையையும் பிடுங்கிடுது, சட்டையும் அழுக்கும் ஃபேஷன் ஐட்டமா ஆயிடுது, இது வோக் பக்கத்தோட ஏழை வெர்ஷன்னு. கூடவே கசாப்புக் கூடத்து ஆட்டுத் தலைங்களையும் தொங்கற மாட்டையும் எடுத்து அந்த மூஞ்சிங்களுக்கு நடுவுல வச்சிருந்தாரு, அது எரியற நெருப்புல எண்ணெய்.

காலத்தையும் பாக்கணும். 1979-ல எண்ணெய் விலை ஏறி வயோமிங், ஒக்லஹோமா பக்கம் வேலை கொட்டிக் கெடந்துச்சு. 1982 கடைசில நாட்டுல வேலையில்லாதவங்க 10.8 சதவீதம், போருக்குப் பின்னாடி அது வரைக்கும் வந்ததுலயே அதிகம். ரெண்டையும் இந்த ஆறு வருஷம் தாண்டி வந்துச்சு. நெவாடா ரீனோல வேலை போன சூதாட்ட டீலர் ஒருத்தர், ஹைவே ஓரத்து ஆளுங்க, இவங்க எல்லாம் அவெடான் கற்பனைல இருந்து குதிக்கல. ஆனா படத்துல அந்தக் காரணம் எதுவுமே இல்லங்கறதும் உண்மை. கேப்ஷன்ல பேரு, வேலை, ஊரு, தேதி, அவ்ளோதான். இதுல எனக்கு ரெண்டு மனசு. பேர் போட்டது பெரிய விஷயம், அதுக்கு முன்னாடி வந்த எவ்வளவோ படத்துல 'ஒரு விவசாயி', 'ஒரு தாய்'னு போட்டுட்டு போயிட்டாங்க. இன்னொரு பக்கம், பேர் தெரியுது, முடிக்கால் வரைக்கும் தெரியுது, அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு ஒண்ணும் தெரியாம நிக்கிறோம், அந்தத் தூரத்த வெள்ளை பேப்பர்தான் உண்டாக்குது.

படத்துல இருந்த லாரி டிரைவர் ஒருத்தர் பின்னாடி சொன்னத அவெடான் ரசிகருங்க அடிக்கடி எடுத்துப் போடுவாங்க, தன் படத்தப் பாத்ததுக்கு அப்புறம்தான் தன் வாழ்க்கைய மாத்திக்கணும்னு தோணுச்சு, லாரி வேலைய விட்டுட்டு குடும்பத்துக்கிட்ட போனேன்னு. நல்ல சாட்சிதான். ஆனா யாருக்கு சாதகம்? "என் மூஞ்சிய எனக்கே காட்டிட்டாரு"ன்னும் படிக்கலாம், "அந்தப் படத்துல தெரிஞ்ச ஆள் மாதிரி நான் இருக்க விரும்பல"ன்னும் படிக்கலாம்.

சுரண்டல்ங்கற குற்றச்சாட்டுல எனக்கு பாதி சம்மதம். ஆளக் கேட்டுத்தான் எடுத்தாங்க, ஒளிஞ்சு எடுக்கல, அது ஒரு பக்கம். ஆனா தான் எந்தக் கதைல நிக்கிறோம்னு நிக்கிறவனுக்குத் தெரியாது, எடுக்கறவனுக்கு மட்டும் தெரியும், இத அவெடானே முன்னுரைல ஒத்துக்கறாரு. அதனால வெள்ளை பேப்பர், நிழல், மூஞ்சி கிட்ட நிக்கறது இதுல எல்லாம் போய் குத்தம் தேடறது எனக்கு சரியாப் படல, ரோலிங் ஸ்டோனுக்காக எடுத்த அதிகாரிங்களையும் இதே மாதிரிதான் எடுத்தாரு, அவங்களும் அழகா தெரியல. கேள்வி கேக்க வேண்டிய எடம் டேபிள் மேல நடந்த வேலை. 752 சிட்டிங்ல சுவத்துக்கு வந்தது 120 சொச்சம். ஒவ்வொரு சிட்டிங்லயும் 20-க்கு மேல ஷீட், அதுல இருந்து ஒண்ணு. முன்னாடி சொன்ன 30-ல ஒரு பங்கு செகண்ட், ஒரு சாண் ஃபோகஸ், இதெல்லாம் ஆள அசையாம நிக்க வைக்கும், ஆனா எந்த ஷீட்ட எடுத்து மேல வைக்கணும்னு கேமரா சொல்லாது. லேசா சிரிச்ச ஷீட்டும் அதே ஹோல்டர்ல இருந்திருக்கும். அவெடானோட அபிப்ராயத்தப் பத்தி சண்டை போடணும்னா மாட்டின 120-ல தேடறதவிட, கழிச்சுக் கட்டின 600-க்கு மேல சிட்டிங்கையும் அந்த 17,000 ஷீட்டோட கான்டாக்ட் பிரிண்டையும் (நெகட்டிவ் சைஸ்லயே போடற பிரிண்ட்) வச்சுக்கிட்டு போடறதுதான் நியாயமான சண்டை.